கூடில்லாத குளவி

நம் வயதில் ஒரு வசதி இருக்கிறது. யாரைச் சந்தேகப்பட்டாலும் "வயசாயிருச்சு, விடு" என்று விட்டுவிடுகிறார்கள். நான் பால்காரரைச் சந்தேகப்படுகிறேன். பக்கத்து வீட்டு மாடியில் காயும் துணியைச் சந்தேகப்படுகிறேன். வாசலில் வந்து காரணமில்லாமல் சிரித்துக்கொண்டு நிற்கிற எவரையும் சந்தேகப்படுகிறேன். என் வீட்டுக்காரர் இருந்தவரை "உனக்கு யார் மேலதான் நம்பிக்கை?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அதை ஏன் அத்தனை தடவை கேட்கிறார் என்று அதிலும் எனக்கு ஒரு சந்தேகம். ஆனால் இது வயதால் வந்த குணமில்லை. பத்து வயதில், கொல்லிமலையில், ஒரு கடுகுக் காட்டில் வந்து ஒட்டிக்கொண்டது. இன்றுவரை போகவில்லை.

உங்களில் பாதிப்பேர் என்னைப் போல மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள்தான். சாமைக்கு ஊடே கடுகு விதைப்பதும், கார்த்திகைப் பனியில் அது பூத்து நிற்பதும் உங்களுக்குத் தெரியும். கீழே பிறந்தவர்களுக்கு மட்டும் இரண்டு சொல்லை விளக்கிவிடுகிறேன். மழையை நம்பி விதைக்கிற நிலத்தை நாங்கள் காடு என்போம். மரப்பொந்தில் கூடு வைக்கிற பெரிய குளவியைக் கதண்டு என்போம். கதண்டு கூட்டமாக வந்து கொட்டினால் ஆள் பிழைப்பது அவரவர் விதி. அதனால் மஞ்சளும் கறுப்புமாக வரி போட்ட எதைக் கண்டாலும் ஊர்ப் பிள்ளைகள் நாங்கள் நின்ற இடத்திலேயே நிற்கப் பழகியிருந்தோம். ஓடக் கூடாது, கையை வீசக் கூடாது, மூச்சைக் கூடச் சத்தமாக விடக் கூடாது.

அந்த வருடம் வீட்டில் அம்மா, நான், இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிய வேண்டிய வயதில் தம்பி. அப்பா குடகுப் பக்கம் காப்பித் தோட்ட வேலைக்குப் போய் இரண்டு போகம் ஆகிவிட்டது. ஒரு தகவலும் இல்லை. உண்மையைச் சொல்கிறேன், நான் ஒன்றும் ஏங்கவில்லை. அப்பா இருந்தால் அம்மாவுக்கு அடி விழும். குழம்பில் உப்புக் கூடினால் அடி, மழை கூடிக் காட்டு மண் அரித்தால் அதற்கும் அடி. பொறுக்க முடியாமல் போகும்போது அம்மா எங்களை இழுத்துக்கொண்டு பஸ் ஏறி, அடிவாரத்தில் இருக்கிற பிறந்த வீட்டுக்குப் போவாள். வளைவுக்கு வளைவு நான் வாந்தியெடுத்துக்கொண்டே இறங்குவேன். மாமன்மார் ஒரு வேளைச் சோறு போட்டு, "பொறந்த ஊட்டுல எத்தன நாளைக்கு இருப்பே கண்ணு, போயி எப்படியோ சமாளிச்சுக்க" என்று அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். ஏறும்போது நான் வாந்தியெடுக்க அந்தச் சோறு உதவும்.

ஆக, அம்மாவுக்குப் போக்கிடம் என்று இருந்தது ஊற்றுக்குக் கீழே சரிந்து கிடந்த எங்கள் காடு ஒன்றுதான். ஆண்பிள்ளை இல்லாத காட்டைப் பங்காளி எடுத்து உழலாம் என்பது எங்கள் ஊர் வழக்கம். பங்காளி என்றால் அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா. அவர் காடு எங்களுக்கு மேலே, ஊற்றுக்கு அந்தப் பக்கம். தண்ணீர் எங்கள் பக்கமாக இறங்குவதை இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தபடி நிற்பார். அம்மா அந்த வருடம் மண்வெட்டியாலேயே காட்டைக் கொத்தி விதைத்திருந்தாள். உள்ளங்கை முழுக்கக் காப்புக் காய்த்திருந்தது. விளைந்ததை அறுத்து வீடு சேர்த்துவிட்டால் "அவ பாத்துக்கறா" என்று ஊர் வாயை மூடிக்கொள்ளும். அறுப்புக் கெட்டால் காடு பெரியப்பாவுக்கு, நாங்கள் பஸ்ஸுக்கு.

கடுகு நன்றாகத்தான் பூத்தது. காலையில் பனி விலகும்போது முதலில் அந்த மஞ்சள்தான் கண்ணுக்குத் தெரியும், அப்புறம்தான் சாமைக் கதிர். பூவில் கொஞ்சம் காரமும் கொஞ்சம் தேனுமாக ஒரு வாசம். தண்டில் அசுவினி, பேன் மாதிரிச் சாறு உறிஞ்சுகிற பொடிப்பூச்சி, அப்பியிருந்தது, தொட்டால் விரல் பிசுபிசுக்கும். ஒரு நாள் வெயில் ஏறியதும் காடு முழுக்க ரீங்காரம். என்னவென்று பார்த்தால் மஞ்சளும் கறுப்பும் வரி போட்டு ஆயிரக்கணக்கில் வந்து நிற்கின்றன. ஆமாம், நிற்கின்றன. அந்தரத்தில் அசையாமல் நிற்கும், சட்டென்று ஒரு முழம் தள்ளிப் போய் மறுபடி நிற்கும். நான் தம்பியின் வாயைப் பொத்திக்கொண்டு மரமாக நின்றேன். மேல் வரப்பில் சாணிக் கூடையோடு வந்த பெரியம்மா, "ஆத்தாடி, காடு பூராக் கொளவிடோய்!" என்று கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். ஓடக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான்.

எங்கள் ஊரில் அறுப்புக்குக் கூலி கிடையாது. இன்றைக்கு உன் காட்டில் நான், நாளைக்கு என் காட்டில் நீ. அம்மா தம்பியை மரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டு ஊரில் எல்லார் காட்டிலும் அறுத்துக் கொடுத்திருந்தாள். எங்கள் முறை வந்தபோது ஒரு ஆள் வரவில்லை. "கொளவிய ஓட்டிப்போட்டுச் சொல்லு புள்ள, வாரோம்" என்றார்கள். சாமை முற்றிக்கொண்டே இருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டால் மணி உதிர்ந்துவிடும்.

ஊர்க்கவுண்டர், அதாவது ஊருக்குத் தலைவர், பெரியப்பாவை அனுப்பினார். பெரியப்பா சுற்றுவட்டாரத்தில் பேர் போன தேன்காரர், அதைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஓடையில் தண்ணீர் குடிக்க வருகிற தேனீயை வெயிலுக்கு எதிரே உட்கார்ந்து பார்ப்பார். குடித்து முடித்தது நேரே கூட்டுக்குத்தான் போகும். போகிற திசைக்கு ஒரு குச்சி நடுவார். கொஞ்சம் தள்ளிப் போய் இன்னொரு தேனீக்கு இன்னொரு குச்சி. இரண்டு குச்சியும் காட்டுகிற வழி எங்கே சந்திக்கிறதோ அந்த மரத்தில் அடை இருக்கும். அவர் பார்த்த குறி தப்பி யாரும் பார்த்ததில்லை. எங்கள் காட்டுக் குளவியின் கூட்டையும் கண்டுபிடித்துப் பந்தம் வைத்துவிட்டால் அறுப்பு நடக்கும் என்பது ஏற்பாடு. கூடு கிடைத்தால் அவருக்குப் பேர், கிடைக்காவிட்டால் அவருக்குக் காடு. அவர் அத்தனை சுறுசுறுப்பாகக் கிளம்பி வந்ததன் காரணம் எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

கம்பளியைத் தலைக்குக் கொங்காடையாகப் போட்டுக்கொண்டு காட்டோரம் உட்கார்ந்தார். குளவிகள் எந்தத் திசைக்கும் போகவில்லை. "கொஞ்சம் அரிசி மாவு குடு" என்றார். பொங்கலுக்கென்று பொத்தி வைத்திருந்த அரிசியை இடித்து அம்மா கொடுத்தாள். பூக்களின் மேல் மாவைத் தூவினார். மாவு பூசிக்கொண்ட குளவி அடுத்த பூவுக்குப் போயிற்று. அங்கிருந்து அதற்கடுத்த பூவுக்கு. பொழுதுக்கும் அதே வேலை. வெயில் இறங்கியதும் ஒரு இலைக்கடியில் ஒட்டிக்கொண்டு அங்கேயே அடங்கிவிட்டது. பெரியப்பா மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். இலைக்கடியில்தான் எல்லாம் தூங்கின.

டீக்கடையில் அவர் மூக்கு உடைபட்டது. "என்னுங்க, கூடு கெடச்சுதுங்களா, இல்ல அடுத்த வருசம் கெடைக்குங்களா?" என்று இளவட்டங்கள் கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். குளவியைப் பற்றி ஒன்றும் தெரியாத ஆளாக இருந்திருந்தால் "இது வேற என்னமோ பூச்சி" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். இவர் எல்லாம் தெரிந்தவர். வரி போட்டிருந்தால் குளவி. குளவி என்றால் கூடு உண்டு. கூடு தன் கண்ணில் படவில்லை என்றால் கூடே இல்லை. கூடு இல்லாத குளவி தானாக வந்திருக்காது, ஏவி விட்டதாகத்தான் இருக்கும். டீ ஆறுவதற்குள் இந்த முடிவுக்கு வந்துவிட்டார். மலையில் தேனெடுக்கிற ஊரில் மட்டும்தான் இப்படி ஒரு முடிவுக்கு வர முடியும்.

மீதியைப் பெரியம்மா பார்த்துக்கொண்டாள். "அவ மட்டும் தெனமும் உள்ள போயிக் கடுகுக் கீர பறிச்சுட்டு வாரா. ஒண்ணாச்சும் கொட்டுச்சா? வாய்க்குள்ள என்னத்தையோ முணுமுணுங்கறா. நாங் கண்ணாலப் பாத்தேன்."

அதை என்னால் தள்ளிவிட முடியவில்லை. ஏனென்றால் அது உண்மை. அம்மா விடிந்ததும் காட்டுக்குள் போவாள், முந்தானை நிறையக் கீரையோடு வருவாள், உதடு அசைந்துகொண்டே இருக்கும். பெற்ற தாயை நான் ஒளிந்திருந்து வேவு பார்க்க ஆரம்பித்தேன். அவள் முணுமுணுத்ததெல்லாம் அப்பாவைத் திட்டிய வசவு என்று ரொம்ப காலம் கழித்துத்தான் தெரிந்தது.

குளவிகள் இலைக்கடியை விட்டு எழும்புவதற்கு முன்னால் போய், வேவு பார்க்கக் கடுகு வரிசைக்கு நடுவே குப்புறப் படுத்திருப்பேன். மண்ணின் ஈரம் பாவாடையில் ஏறும். மூக்குக்கு நேரே கடுகுத் தண்டு. அதிலிருந்த அசுவினிக் கும்பலில் ஒரு பச்சைப் புழு, காலே இல்லாதது, அசுவினியை ஒவ்வொன்றாகத் தூக்கி உறிஞ்சிவிட்டுத் தோலைத் துப்பிக்கொண்டிருந்தது. பக்கத்து இலையில் சொட்டுத் தேன் காய்ந்ததுபோல் ஏதோ ஒட்டியிருந்தது. அழகாக இருக்கிறதே என்று இலையோடு கிள்ளித் தீப்பெட்டிக்குள் வைத்தேன். மான் படம் போட்ட தீப்பெட்டி. அந்தக் காலத்தில் என் சொத்தே அதுதான்.

சில நாள் கழித்துப் பெட்டிக்குள் கீறுகிற சத்தம். திறந்தால் சிறகு விரிந்தும் விரியாமலும் ஒரு குளவி. பழகியபடி அசையாமல் நின்றேன். அது மெதுவாக என் விரலில் ஏறி, மணிக்கட்டுக்கு வந்து, வியர்வையை நக்கிக்கொண்டு உட்கார்ந்தது. எத்தனை நேரம்தான் மூச்சை அடக்குவது? ஒரு துணிச்சலில் இரண்டு விரலால் பிடித்தேன். வாலை வளைத்து வளைத்து என் விரலில் குத்தியது. கொட்டுகிற பாவனைதான், கொடுக்கு இல்லை. கிட்டே வைத்துப் பார்த்தேன். முகத்தில் பாதிக்குக் கண். இடுப்பு ஒடுங்கவில்லை. சிறகு நாலுக்குப் பதில் இரண்டு. அட, சனியனே! ஈ! மாட்டுத் தொழுவத்து ஈக்கு வரி போட்டுவிட்டதுபோல ஒரு ஈ!

அடுப்படிக்கு ஓடினேன். "அம்மா, இது கொளவி இல்ல, ஈ! இலையில பொறக்குதும்மா, அதான் கூடே இல்ல!"

அம்மா அதைப் பார்த்தாள். திகைத்திருக்க வேண்டுமில்லையா? திகைக்கவில்லை. "யாருகிட்டச் சொன்னே?" என்றாள்.

"யாருகிட்டயும் இல்ல."

"சொல்லாத சாமி."

"சொன்னாத்தானம்மா அறுப்புக்கு வருவாங்க?"

"நீ சின்னப்புள்ள, உன்ற பேச்ச ஆரு கேப்பா? நாஞ் சொன்னா, கொளவிய ஒளிச்சு வெச்சுட்டு ஈயக் காட்டறான்னு சொல்லுவாங்க. வாய மூடிக்கிட்டு இரு." தீப்பெட்டியை அடுப்பில் போட்டுவிட்டாள். ஈ பறந்துவிட்டது, மான் எரிந்துவிட்டது. பெட்டிக்காக நான் அழுத அழுகை கொஞ்சநஞ்சமில்லை. அழுகை நின்ற பிறகுதான், அவளுக்கு முன்பே தெரியும் என்பது எனக்கு உறைத்தது.

இனி சொல்லப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பெரியப்பாவும் இல்லை, அம்மா அப்பாவும் இல்லை, அதனால் சொல்கிறேன்.

அதற்கு அடுத்த நாளோ என்னவோ, பெரியப்பா பந்தத்தோடு மறுபடி வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது. "உண்மையச் சொல்லு புள்ள, எங்க போயி அடையுது?" என்று அம்மாவை அதட்டினார். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல், "எனக்கென்னுங்க தெரியும்? ரெண்டொண்ணு அந்தப் பட்ட பலாப்பக்கம் போற மாதிரி இருந்துச்சுங்க" என்றாள். எல்லையில் பட்டுப்போய் நின்ற ஒரு பலாமரம், நடுவில் பெரிய பொந்து. அந்த வருடம் முழுக்க எங்களை அதன் கிட்டே போக விடாமல் "போனீங்கன்னாக் கால ஒடிச்சுப்புடுவேன்" என்று மிரட்டிக்கொண்டிருந்தவள் அவள்தான். காரணம் கேட்டால் கொம்பு முறிந்து விழும் என்பாள்.

பெரியப்பா பொந்துக்குள் பந்தத்தை விட்டார். உள்ளே இருந்தது நிஜக் கதண்டு.

அந்த அலறலை நான் எழுத மாட்டேன். அம்மா எழுந்து நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். அப்புறம் "ஓடியாங்கோ! கம்பளிய நனச்சுக்கிட்டு ஓடியாங்கோ!" என்று ஊரைக் கூட்டியவளும் அவள்தான். ஈரக் கம்பளி போர்த்துக்கொண்டு போய் இழுத்து வந்தார்கள். கம்பளியிலேயே தூளி கட்டி ரோட்டுக்குத் தூக்கிப்போய், குச்சிக்கிழங்கு ஏற்றிய லாரியில் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துத் திரும்பினார். இடது கண் கடைசிவரை முழுசாகத் திறக்கவில்லை. அந்த மரத்தில் கதண்டு இருப்பது அம்மாவுக்குத் தெரியுமா, தெரியாதா? கொம்பு முறியும் என்று பயந்தாளா, வேறு எதற்கும் பயந்தாளா? எனக்குத் தெரியாது. தெரிந்துதான் அனுப்பினாள் என்று ஒரு நாள் தோன்றும், சேச்சே என்று மறுநாள் தோன்றும்.

ஊர் கூடியது. கம்பளியும் துண்டுமாகச் சாவடியில் ஆம்பளைகள், அந்தப் பக்கம் முக்காடு போட்டுக்கொண்டு பெண்கள். பெரியப்பா முகம் வீங்கி உட்கார்ந்திருந்தார். காட்டைப் பங்காளி எடுத்துக்கொள்வது, அம்மாவைப் பிள்ளைகளோடு பிறந்த வீட்டுக்குத் தாட்டிவிடுவது என்று முன்பே பேசி முடித்துவிட்டார்கள். அம்மாவை அழைத்தது பேருக்குத்தான்.

ஊர்க்கவுண்டர் கேட்டார்: "ஏம் புள்ள, உன்ற காட்டுக் கொளவி உன்னையக் கொட்டுமா, கொட்டாதா?"

"கொட்டாதுங்க."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. "அதென்ன, ஊரையே கொட்டறது உன்னைய மட்டும் கொட்டாது?"

ஊரில் யாரையும் அது கொட்டவில்லை, பெரியப்பாவைக் கொட்டியது வேறு என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. "அது வந்து..." என்று எழுந்தேன். அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எங்கிட்ட ஏனுங்க கேக்கறீங்க? அதுககிட்டக் கேளுங்க" என்றாள் அம்மா. "நாங் காட்டுல இருக்கற மட்டும் அதுக காட்டுல இருக்குது. என்னையக் கீழ தாட்டி உட்டுட்டா அதுக எங்க போவும்னு எனக்குத் தெரியாதுங்க. கூடு இருந்தா அங்க போவும். கூடுதான் இல்லைன்னு பெரியவரே பாத்துச் சொல்லிட்டாரே. கூடில்லாததுக்கு எல்லா ஊடும் ஒண்ணுதானுங்களே."

அடேயப்பா! பெரியம்மா முக்காட்டை இன்னும் இழுத்து மூடிக்கொண்டாள். ஊர்க்கவுண்டர் தொண்டையைக் கனைத்தார், வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார், மறுபடி கனைத்தார். "செரி செரி. பொட்டப்புள்ள தனியா மண்ணக் கொத்தி வெதச்சிருக்குது. இந்தப் போகம் அறுக்கட்டும். பொறவு பாத்துக்கலாம்." அந்தப் 'பொறவு' கடைசிவரை வரவில்லை.

அறுப்புக்கும் வந்தார்கள். வராவிட்டால் என்ன ஆகுமோ என்ற பயம். "வாங்க, நாம் பாத்துக்கறேன்" என்று அம்மா காட்டு மூலையில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அதற்குள் கடுகு காயாகி, அசுவினியும் ஒழிந்து, ஈக்கள் தானாகவே போய்க்கொண்டிருந்தன. அவள் கட்டி வைத்துவிட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். தம்பிக்கு அவள் தாலாட்டு முணுமுணுக்க, அதையும் மந்திரம் என்று நினைத்துக்கொண்டு குனிந்த தலை நிமிராமல் அறுத்தார்கள். அத்தனை வேகமாக எங்கள் ஊரில் எந்தக் காடும் அறுபட்டதில்லை. ஊற்றி வைத்த கூழை மட்டும் ஒருவரும் தொடவில்லை. ஒரு பெரிய சட்டிக் கூழ் புளித்துப் போயிற்று. அம்மா அதை மாட்டுக்கு ஊற்றும்போது நான் பார்த்தேன். ஜெயித்தவள் முகமாக அது இல்லை.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் யாரும் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. அம்மாவிடம் பேசுகிறவர்கள் மரியாதையாகப் பேசினார்கள், சீக்கிரம் முடித்துக்கொண்டு போனார்கள். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் தள்ளி உட்கார்ந்தாள். மலையில் எனக்கு மாப்பிள்ளை கிடைக்கவில்லை. கதை தெரியாத இடமாகப் பார்த்துக் கீழே கொடுத்தார்கள். ஒரு ஈயைப் பிடித்துக் காட்டியிருந்தால் முடிந்திருக்கும் விஷயம். அதற்காக அவள் மேல் எனக்குக் கோபம் இருந்தது, நிறையவே இருந்தது.

அப்பா அடுத்த வருடம் வந்தார். அப்போதும் கடுகு பூத்திருந்தது, ஈக்களும் வந்திருந்தன. பஸ்ஸை விட்டு இறங்கி டீக்கடையில் கால் வைத்ததும் பெரியப்பா அவரைப் பிடித்துக்கொண்டு முழுக் கதையையும் சொல்லியிருக்கிறார். அப்பா நேரே காட்டுக்கு வந்தார். தோட்டத்தில் கொடுத்த முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ், கையில் தகரப் பெட்டி. வரப்புக்கு வெளியே நின்றுவிட்டார். பொண்டாட்டி பிள்ளைகள் இருக்கிற தன் சொந்தக் காட்டுக்குள் நுழைய அந்த மனுசன், "ஏ புள்ள, உள்ள வரலாமா?" என்று கேட்டார்.

அம்மா நிமிர்ந்தாள். அவர் இனி இங்கேதான் இருப்பார், ஆண்பிள்ளை வந்தாயிற்று, காட்டை எவனும் கேட்க முடியாது. இப்போதாவது சொல்லிவிடுவாள் என்று நான் நினைத்தேன். அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாங்க. கைய வீசாம வாங்க" என்றாள்.

அப்பா கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு கடுகு வரிசைக்குள் நடந்து வந்தார். அதன் பிறகு அவர் சாகும்வரை அம்மா மேல் கை ஓங்கவில்லை. கோபம் வரும், பல்லைக் கடிப்பார், வெளியே போய்விடுவார். அம்மாவும் கடைசிவரை அது ஈ என்று அவரிடம் சொல்லவில்லை. காட்டு வேலை, பேரன் பேத்தி, தம்பியின் கல்யாணம் என்று அவர்கள் ஒரு முழு ஆயுசை அப்படியே ஓட்டினார்கள்.

அப்பாவின் கடைசி வருடத்தில் நான் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். நடமாட்டம் குறைந்துவிட்டது. வாசலில் நாற்காலி போட்டு வெயிலில் உட்கார்த்தியிருந்தார்கள். நான் உள்ளேயிருந்து ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். அந்த வரி போட்ட ஈ ஒன்று வந்து அவர் மணிக்கட்டில் உட்கார்ந்தது. அப்பா பதறவில்லை. கையைக் கொஞ்சம் தூக்கி, கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்து, அது வியர்வையை நக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்தமாதிரிகூட இருந்தது. அப்போது கஞ்சிச் சொம்போடு அம்மா வருகிற காலடிச் சத்தம். அவ்வளவுதான், அப்பா கையை உதறி, "அய்யோ, கொளவி!" என்று உடம்பைச் சுருக்கிக்கொண்டார்.

"அசையாதீங்க, போயிரும்" என்றாள் அம்மா. ஈ போயிற்று. அப்பா கஞ்சியைக் குடித்தார்.

எத்தனை காலமாக இந்த மனிதர் நடிக்கிறார்? போகம் போகமாகக் காப்பித் தோட்டத்தில் கிடந்தவர். காப்பி பூக்கும்போது இந்த ஈ மொய்க்காத தோட்டம் உண்டா? வரப்பில் நின்று "வரலாமா" என்று கேட்டாரே, அப்போதே தெரிந்திருக்குமோ? அடிக்கிற கையை நிறுத்த அவருக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்ததோ? அன்பு என்று யாராவது சொல்லிக்கொண்டு வந்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். அன்பிருந்தால் அதற்கு முன்னாலேயே நிறுத்தியிருக்கலாமே, யார் வேண்டாம் என்றது?

அப்பா செத்தபோது அம்மா அழவில்லை. துக்கத்துக்கு வந்த பெண்கள் கட்டிப் பிடித்துக்கொண்டு அழ வந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கி உட்கார்ந்து அழுதார்கள். "அவளுக்கெங்க அழுவ வரும்" என்று யாரோ முணுமுணுத்தது என் காதிலேயே விழுந்தது. காரியமெல்லாம் முடிந்து எல்லாரும் போன பிறகு, அம்மாவும் நானும் சாமை புடைத்துக்கொண்டிருந்தோம். எனக்கு அடக்க முடியவில்லை.

"அம்மா, அது ஈன்னு அப்பாவுக்குத் தெரியும்."

முறம் நின்றது. 'இருக்காது' என்று சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. "எப்ப இருந்து?" என்று மட்டும் கேட்டாள்.

நான் என்ன சொல்வேன்? கடைசியில்தான் தெரிந்தது என்றால், அத்தனை வருடமும் அவரை அடக்கி வைத்தது அவள். ஊர் ஒதுக்கியதையும் புளித்த கூழையும் அவள் தாங்கியதற்கு அது போதும். வந்த அன்றைக்கே தெரியும் என்றால், அவளுக்கு யாரோடு குடும்பம் நடத்தினோம் என்பதே தெரியாமல் போய்விடும்.

"படுக்கையில உளுந்தப்பறந்தாம்மா. அதுக்கு முன்னால தெரிஞ்சிருக்காது" என்றேன்.

"அப்பச் செரி" என்றாள். முறத்தை எடுத்து இரண்டு தட்டுத் தட்டினாள். மூன்றாவது தட்டில் சாமை முழுக்கத் தரையில் கொட்டிவிட்டது. அள்ளப் போனவள் அப்படியே உட்கார்ந்து, முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு, சத்தம் போட்டு அழுதாள். சாவன்றைக்கு அழாததற்கும் சேர்த்து அழுதாள். நீங்களே சொல்லுங்கள், நான் சொன்னதை நம்பியிருந்தால் அவள் எதற்கு அழ வேண்டும்?